மதிலில் தெரியாத கை

ஊரில் அவருக்கு வைத்திருக்கும் பேர் தெரியாதார். பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று அடையாள அட்டையில் கிடக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால், பின்னால் வேறு யாரும் நிற்கிறார்களா என்று அவரே திரும்பிப் பார்ப்பார்.

தொழில் கொத்து வேலை. ஊரை வளைத்து ஓடுகிற பழைய கோட்டை மதிலில் எங்கே செங்கல் உதிர்ந்தாலும், எங்கே காரை பெயர்ந்தாலும், போய் எடுத்து வைத்துக் கட்டுவது அவர் பொறுப்பு. கட்டி முடித்துச் சாரத்தை விட்டு இறங்கியதும் கையைக்கூடக் கழுவமாட்டார். நாலு எட்டு பின்னால் போய், இடுப்பில் கை வைத்துக்கொண்டு மதிலைப் பார்த்தபடி நிற்பார். சுற்றிப் பார்க்க வந்தவர்கள் யாராவது அந்தப் பக்கம் வந்தால் தொலைந்தார்கள்.

“இதுல எது புதுசு, சொல்லுங்க பாப்போம்.”

வந்தவர் இங்கே விரலை நீட்டுவார், அங்கே நீட்டுவார். கூட வந்த அவர் மனைவி வேறு பக்கம் காட்டுவார். இருவருக்கும் அதிலேயே ஒரு சின்ன வாக்குவாதம் கிளம்பும். இவர் வாயைத் திறக்காமல் ரசித்துக்கொண்டு நிற்பார். கடைசியில், “தெரியாது. யாருக்கும் தெரியாது” என்று சொல்லிவிட்டுக் காரை பூசுகிற கரணையைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டிவிடுவார். விடை என்ன என்று சொன்னதே கிடையாது.

அப்படி ஒட்டிய பேர்தான் தெரியாதார். அவருக்கு அதில் கொஞ்சமும் வருத்தமில்லை. டாக்டருக்குக் கைராசிக்காரர் என்று பேர் வந்தால் எப்படி இருக்குமோ அப்படித்தான் இவருக்கும் இருந்தது.

ஊர் ரொம்பப் பழைய ஊர். எவ்வளவு பழசு என்று கேட்டால் ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள். கேட்கிறவர் எந்த ஊர் என்பதைப் பொறுத்து அந்தக் கணக்கு கூடும், குறையும். கூரை போன தர்பார் மண்டபம் ஒன்று இருக்கிறது. மழை பெய்தால் ராஜா உட்கார்ந்த மேடையில் தவளை உட்கார்ந்து ஆட்சி செய்யும். நாலு பக்கமும் படி வைத்த பெரிய குளம் இருக்கிறது. குதிரை லாயத்தில் இப்போது வாடகைக் கார்கள் நிற்கின்றன. டிரைவர்கள் குதிரைக்குத் தண்ணீர் வைத்த தொட்டியில் காலை நீட்டித் தூங்குகிறார்கள். தானியக் களஞ்சியத்தின் வெளிச்சுவரில் ஒரு மாடம், அதற்குள் சாவி போடுகிறவர் கடை. இத்தனையையும் அணைத்துக்கொண்டு மதில். மதிலின் வடக்குக் கோடியில் காவல் கோபுரம்.

கோபுரத்தின் உச்சியில் வெடிப்பு விழுந்து, சுற்றிக் கயிறு கட்டி, யாரும் உள்ளே போகக் கூடாது என்று பலகை மாட்டி ரொம்ப வருஷம் ஆகிறது. தெரியாதார் இந்த வேலைக்கு வந்ததே அந்தக் கோபுரத்துக்காகத்தான். மதிலில் செய்வதெல்லாம் ஒத்திகை, கோபுரத்தில்தான் நாடகம் என்று மனசுக்குள் வைத்திருந்தார். காலையில் வேலைக்கு வரும்போது ஒரு தடவை, போகும்போது ஒரு தடவை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் போவார். அவர் கழுத்து வலிக்குக் காரணம் சாரம் இல்லை, அந்தப் பார்வைதான் என்று வீட்டில் சொல்வார்கள்.

படிப்பு அதிகமில்லை. ஆனால் செங்கலைப் பார்த்து ராஜாக்களைச் சொல்வார். அடியில் பலகை மாதிரி அகலமாக, நன்றாக வெந்து சிவந்திருப்பது முதல் ராஜா கட்டியது. “அவசரமில்லாத மனுஷன். மண்ண மிதிக்க விட்டு, காய விட்டு, வேக விட்டு கட்டியிருக்காரு” என்பார். அதற்கு மேலே பாதி வெந்தும் வேகாமலும், ஒன்று தடிப்பும் ஒன்று மெலிசுமாக இருப்பது பேரன் காலம். “எதிரி வந்துட்டான். சூளையில வேகறதுக்குள்ள பிடுங்கி அடுக்கியிருக்காங்க பாருங்க, பாவம்.” உச்சியில் சின்னச் சின்னதாக ஒரே அளவில் இருப்பது கோட்டையைப் பிடித்தவன் கட்டியது. “இடிச்சவனே கட்டிக்கிட்டான். பிடிச்சதுக்கப்புறம் அது அவன் வீடாயிடுச்சுல்ல?”

கோட்டையில் அவருக்கு உயிரான இடம் ஒன்று உண்டு. பெரிய வாசலுக்கு இடது பக்கம், ஒரு வீட்டுக் கதவு அளவுக்கு மதிலில் ஒரு பகுதி. செங்கல் எல்லாம் பழசுதான், ஆனால் நடுவே இருக்கிற காரை மட்டும் அலுங்காமல் குலுங்காமல் இருக்கும். வருகிற கூட்டத்தை அதன் முன்னால் நிறுத்தி, அங்கே இருக்கிற கைடு, “எதிரிப் படை மாசக்கணக்கா முட்டியும் அசையாத இடம்” என்று கதை சொல்வார். கூட்டம் தொட்டுப் பார்க்கும். தெரியாதாருக்கு அந்தக் கதை அக்கறையில்லை. அவருக்கு அந்த இடம்தான் பள்ளிக்கூடம்.

செங்கலுக்கும் செங்கலுக்கும் நடுவே காரையைக் கரணை முனையால் அழுத்தி இழுத்துக்கொண்டே போவார்கள். அதற்குப் பாயிண்டிங் என்று பேர். இழுத்து முடித்துக் கரணையைத் தூக்குகிற இடத்தில் காரை ஒரு சின்ன மேடாக நிற்கும். எறும்பு ஏறி இறங்குகிற மேடுதான். எந்தக் கொத்தனார் செய்தாலும் அது வலது கோடியில் விழும். வாசல் பக்கத்து அந்த இடத்தில் மட்டும் அத்தனை வரியிலும் அது இடது கோடியில் இருந்தது. வேலைக்கு வந்த புதிதில் தெரியாதார் இதைக் கண்டுபிடித்தார். மதிலில் மற்ற இடத்துப் பழைய காரை எல்லாம் மழையில் தேய்ந்து மொழுக்கென்று ஆகிவிட்டது, பார்க்க முடியாது. இங்கே மட்டும்தான் தெளிவாக இருந்தது. ராஜா காலத்து ஆட்கள் ஏதோ ரகசியமாகத்தான் இப்படிச் செய்திருக்கிறார்கள், மழைத் தண்ணீர் வழிவதற்குத் தோதாக இருக்கும் என்று தானே ஒரு காரணமும் கண்டுபிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து வலது கையை உள்பக்கமாக முறுக்கி, கரணையைத் தலைகீழாகப் பிடித்து, இடது பக்கம் பார்த்து இழுக்கப் பழகினார். மணிக்கட்டு வீங்கியது. துணி கட்டிக்கொண்டு பழகினார். கடைசியில் கை படிந்துவிட்டது. மணிக்கட்டுத் துணி மட்டும் நிரந்தரமாகிவிட்டது.

இப்படி இருக்கும்போதுதான் கோட்டை வேலைகளுக்குப் புதிதாக இன்ஜினியர் அம்மா வந்தார். சின்ன வயசு. தலையில் தொப்பி, கையில் பெரிய தண்ணீர் பாட்டில், நடையில் ஒரு வேகம். வந்த அன்றே தெரியாதாரைக் கூப்பிட்டார்.

“கொத்தனாரே, கோபுர வேலை சீக்கிரம் ஆரம்பிக்குது. ராஜா காலத்து வழி தெரிஞ்ச ஒரே ஆள் நீங்கதான், உங்களத் தலைமையா போடலாம்னு எல்லாரும் சொல்றாங்க.”

“சொல்றவங்க சரியாத்தான் சொல்றாங்க மேடம்.”

“பாயிண்டிங்க்கு எத மாதிரியா வெச்சுக்கலாம்?”

தெரியாதார் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அவரை வாசல் பக்கத்து இடத்துக்குக் கூட்டிப் போனார். இடது கோடி மேட்டைக் காட்டினார். மழைத் தண்ணீர் காரணத்தையும் சொன்னார். இன்ஜினியர் குனிந்து பார்த்து, விரலால் தடவி, நாலைந்து போட்டோ எடுத்துக்கொண்டார்.

“நல்லது. கோபுரத்துக்கு இதையே மாதிரியா வெச்சுக்குவோம். இப்போ நீங்க இதுவரைக்கும் செஞ்ச வேலைய எல்லாம் காட்டுங்க.”

“கண்டுபிடிங்க மேடம்.”

“எனக்கு விளையாட நேரமில்ல கொத்தனாரே. நீங்க வெச்ச கல்லு எப்படி நிக்குது, பக்கத்துல இருக்கற பழைய கல்ல அரிச்சிருக்கா, எல்லாம் பாத்தாத்தான் அதே கலவைய கோபுரத்துல விடலாமான்னு சொல்ல முடியும்.”

“அதுக்கென்ன, வாங்க.”

முன்னால் நடந்தார். குளத்துக்கு எதிரே மதிலில் ஒரு இடத்தில் உள்ளங்கையை வைத்தார். “இது நான்.”

பின்னாலேயே வந்த கலவையக்கா தொண்டையைக் கனைத்தார். ரொம்ப வருஷமாக இவருக்குக் கலவை போடுகிற சித்தாள் அவர். “அது இல்லண்ணே. அந்தக் குழாய்க்குப் பக்கத்துல.”

“நீ சும்மா இரு. எனக்குத் தெரியாதா?”

“எனக்கு நல்லா ஞாபகம் இருக்குண்ணே. அன்னைக்குத்தான் என் செருப்பு அறுந்துச்சு.”

“உன் செருப்பு அறுந்தது லாயத்துப் பக்கம் வேலை செஞ்சப்போ.”

“லாயத்துப் பக்கம் அறுந்தது வலது செருப்பு.”

தெரியாதார் குழாய்ப் பக்கம் போய்ப் பார்த்தார். திரும்பி முதலில் கைவைத்த இடத்துக்கு வந்தார். கண்ணைச் சுருக்கினார். எல்லாம் ஒரே மாதிரி இருந்தது. இன்னும் தள்ளிப் போனார். அங்கேயும் அதே. இருபது அடி பின்னால் போய் இடுப்பில் கை வைத்துப் பார்த்தார். வழக்கமாக மற்றவர்கள் முழிக்கிற முழியை அன்றைக்கு அவர் முழித்தார்.

“அப்போ உங்களுக்கும் தெரியாது” என்றார் இன்ஜினியர்.

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. கேலியாகவும் சொல்லவில்லை. அதனால்தான் ரொம்பச் சுட்டது.

“உங்களுக்கு முன்னாடியும் யாரோ வேலை செஞ்சிருக்காங்க கொத்தனாரே. எங்கன்னு ஒரு குறி வைக்காம போயிட்டாங்க. எது ராஜா வெச்சது, எது நேத்து வெச்சதுன்னு நான் முழிச்சிட்டு இருக்கேன். நீங்களும் அதையே பண்ணியிருக்கீங்க. அதுவும் நல்லா பண்ணியிருக்கீங்க, அதான் தொல்லை.” பாட்டிலை மூடினார். “அடுத்த வாரம் வர்றேன். காட்டுங்க, கோபுரம் உங்களுக்கு. இல்லன்னா வெளியூர்ல ஒருத்தர் இருக்காரு, அவரத்தான் கூப்பிடணும்.”

அன்று மத்தியானம் வீட்டுக்குச் சாப்பிடப் போனவர் தட்டின் முன்னால் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டே அறை கொண்ட வீடு. முன் அறையில் தையல் மிஷின், அதைச் சுற்றி மலை மாதிரி பள்ளிக்கூடத்து யூனிஃபார்ம். மனைவி தையல்காரி. ஜன்னலுக்குக் கீழே மாமனார் உட்கார்ந்து, தைத்து முடித்த துணியில் தொங்குகிற நூலைக் கத்தரித்துக்கொண்டிருந்தார். அவரும் ஒரு காலத்தில் கொத்தனார்தான். முட்டிவலி வந்து மகள் வீட்டோடு இருக்கிறார்.

மாமனார் தொழிலைப் பற்றித் தெரியாதாருக்குப் பெரிய மரியாதை கிடையாது. சாக்கடை, காம்பவுண்டு சுவர், செப்டிக் டேங்க், இதுதான் அவர் கட்டியது. “மண்ணுக்கு அடியில போற வேலைக்குக் கை சுத்தம் எதுக்கு?” என்று கலவையக்காவிடம் சொல்லியிருக்கிறார். கலவையக்கா அதை வீடு வரைக்கும் கொண்டுவந்து சேர்த்தும் இருக்கிறார். கிழவர் அதற்கு ஒன்றும் சொன்னதில்லை.

“அப்பா, அந்தக் கத்தரிய விடுங்கன்னா கேக்க மாட்டீங்களா? அது வலது கைக்காரங்க கத்தரி. நீங்க இடது கையால வெட்டுனா துணிய மெல்லுது” என்றார் மனைவி, மிஷினை நிறுத்தாமல்.

“நூலத்தான வெட்டறேன்.”

“நூலோட காலரையும் வெட்டறீங்க.” பிறகு கணவர் பக்கம் திரும்பினார். “நீங்க ஏன் இப்படி உக்காந்திருக்கீங்க? சோறு ஆறுது.”

தெரியாதார் நடந்ததைச் சொன்னார். மிஷின் நின்றது. மனைவி சிரிப்பார் என்று எதிர்பார்த்தார். சிரிக்கவில்லை.

“கல்யாணமான புதுசுல என்னையும் கூட்டிட்டுப் போய் அங்க நிறுத்தினீங்க. எது புதுசுன்னு கேட்டீங்க. வெயில்ல நின்னு நின்னு பாத்தேன். தெரியாதுன்னு சிரிச்சுட்டு கூட்டிட்டு வந்துட்டீங்க. இவ்வளவு வருஷத்துல நீங்க வெச்ச கல்லுன்னு ஒண்ணகூட நான் பாத்ததில்ல.”

“அதான தொழில்.”

“என்ன தொழிலோ. நான் தெச்சத ஊரே போட்டுட்டுத் திரியுது.”

மிஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. கொஞ்ச தூரம் ஓடிவிட்டு நின்றது.

“நனைச்சுப் பாத்தீங்களா?”

“எத?”

“மதிலத்தான். பேண்ட்ல அதே நிறத்துல ஒட்டுப் போட்டு, அப்புறம் எங்க போட்டேன்னு எனக்கே தெரியலன்னா, தண்ணியில முக்கி வெயில்ல போடுவேன். பழைய துணி சீக்கிரம் காயும். ஒட்டுன துணி ஈரமாவே இருக்கும், தனியா தெரியும்.”

தெரியாதார் சோற்றைப் பிசைந்தார். வாயில் வைக்கவில்லை. பிறகு பசி வந்துவிட்டது, இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டார்.

இன்ஜினியர் வருவதாகச் சொன்ன நாள் காலையில், தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற நீளமான ரப்பர் குழாயை இரவல் வாங்கிக்கொண்டு மதிலுக்குப் போனார். கலவையக்கா குழாயைப் பிடித்தார். மனைவி மிஷினை மூடிவிட்டு வந்தார். யோசனை அவருடையது, பலித்ததா என்று பார்க்காமல் எப்படி? மாமனாரும் கோலை ஊன்றிக்கொண்டு கிளம்பினார். வீட்டில் தனியாக இருந்தால் கத்தரியை எடுப்பார் என்று மகள்தான் கூட்டி வந்தார்.

மதிலை நீளத்துக்கு நனைத்தார்கள். மதில் முழுக்க ஒரே சிவப்பாகக் கறுத்தது. வெயில் ஏறியது. எல்லோரும் எதிரே உட்கார்ந்து, சினிமா ஆரம்பிக்கப் போகிற மாதிரி மதிலைப் பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் மதில் வெளுக்கத் தொடங்கியது. வெளுத்துக்கொண்டே வரும்போது, அங்கங்கே திட்டுத் திட்டாக ஈரம் தங்கியது. குழாய்ப் பக்கத்தில் ஒன்று, படிக்கட்டுக்கு மேலே ஒன்று, தர்பார் மண்டபத்துக்குப் பின்னால் வாலும் தலையுமாக நீளமாய் ஒன்று. புதுக் காரை குடித்த தண்ணீரை விடமாட்டேன் என்று பிடித்து வைத்திருந்தது.

“அண்ணே, குழாய்கிட்ட. நான் சொன்னேன்ல?” என்றார் கலவையக்கா. “என் இடது செருப்பு.”

தெரியாதார் சாக்கட்டியை எடுத்துக்கொண்டு ஓடினார். அந்த வயசில் அந்த உடம்போடு அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை. திட்டைச் சுற்றிக் கோடு போட்டார். மனைவி கூடவே வந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“இது நீங்களா?”

“நான்தான்.”

“இதுவும்?”

“அதுவும் நான்தான். பாத்தியா, ஒரு மயிரிழை விலகல.”

“ம். நல்லாத்தான் இருக்கு” என்றார் மனைவி. அவர் வாயிலிருந்து இது வருவது அபூர்வம். தெரியாதாருக்குக் காது சிவந்தது.

அப்படியே கோடு போட்டுக்கொண்டு பெரிய வாசல் வரைக்கும் வந்தவர் நின்றுவிட்டார்.

வாசலுக்கு இடது பக்கம், அவருடைய பள்ளிக்கூடம் ஈரமாக இருந்தது. சுற்றி மதில் எல்லாம் காய்ந்து வெளுத்துவிட்டது. கதவு அளவுக்கு அந்த ஒரு இடம் மட்டும் லேசாகக் கறுத்து, நாலு பக்கமும் ஓரம் தெரிய நின்றது. அவர் செய்த திட்டுகள் அளவுக்கு அடர்த்தி இல்லை. ஆனால் ராஜா கட்டியதும் இல்லை. யாரோ இடையில் கட்டியது.

“குழாய இந்தப் பக்கம் அதிகமா பிடிச்சிட்டியா?”

“எல்லா இடமும் ஒரே மாதிரிதான் பிடிச்சேன்ண்ணே.”

மாமனார் மெதுவாக வந்து, நிழலுக்காக அந்த இடத்துக்குக் கீழேயே கோலை ஊன்றி நின்றார். அண்ணாந்து பார்த்தார்.

“அட, இது இன்னும் நிக்குதா?” என்றார்.

தெரியாதார் அவர் பக்கம் திரும்பினார்.

“எது மாமா?”

“இதான் மாப்ள. லாரி இடிச்சதுல்ல. ஜல்லி ஏத்திட்டு வந்தவன் பின்னால எடுத்தான், அப்படியே மதிலுக்குள்ள விட்டுட்டான். அன்னைக்கு லீவு நாள், ஒரு ஆள் இல்ல. லாரி முதலாளி ஓடி வந்து, சாயங்காலத்துக்குள்ள தெரியாத மாதிரி கட்டிக் குடுன்னான். விழுந்த செங்கலையே பொறுக்கி வெச்சு, சுண்ணாம்புல செங்கல் பொடிய கலந்து ஒப்பேத்தினேன்.”

தெரியாதார் மதிலிடம் போனார். மூக்கு உரசுகிற அளவுக்குக் கிட்டப் போய்ப் பார்த்தார். மேடு இடது கோடியில். அடுத்த வரியும் இடது கோடி. மனைவியும் பக்கத்தில் வந்து விரலால் தடவினார்.

“அப்பா கைதான். எங்க வீட்டு வாசப்படியில இதே மாதிரி இருக்கும், இடப்பக்கம் தூக்கிக்கிட்டு. மத்த இடமெல்லாம் தேஞ்சு போய் இது மட்டும் தேயாம இருக்குதே, ஒரு நாளாவது யோசிச்சீங்களா?” கணவரின் மணிக்கட்டில் இருந்த துணியைப் பார்த்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. “அப்போ இத்தனை வருஷமா கைய முறுக்கி முறுக்கி…”

கலவையக்காவுக்கு அடக்க முடியவில்லை. குழாயைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்து சிரித்தார்.

தெரியாதார் சிரிக்கவில்லை. சாக்கட்டி கையில் இருந்தது. வெயில் ஏறிக்கொண்டே இருந்தது. ஈரம் ஓரத்திலிருந்து சுருங்க ஆரம்பித்திருந்தது. இன்ஜினியர் இன்னும் வரவில்லை. கொஞ்சம் பொறுத்தால் போதும், இந்த இடமும் காய்ந்து மதிலோடு மதிலாகப் போய்விடும். அவர் செய்த திட்டுகளுக்குக் கோடு போட்டாயிற்று. காட்டினால் கோபுரம் அவருக்கு. இதைச் சொன்னால், ராஜா காலத்து வழி தெரிந்த ஒரே ஆள் என்ற பேர் இன்றோடு போயிற்று. செப்டிக் டேங்க் கொத்தனாரின் வழி தெரிந்த ஒரே ஆள் என்றுதான் மிச்சம். அதற்கு யார் கோபுரம் கொடுப்பார்கள்?

ஆனால் சொல்லாவிட்டால்? இதை மாதிரி என்று காட்டியது அவர் வாய்தான். கோபுரம் முழுக்க லாரிக்காரன் அவசரத்துக்குச் செய்த ஒப்பேத்தலை ராஜா வேலை என்று இழுத்து வைக்க வேண்டும். அண்ணாந்து அண்ணாந்து பார்த்த கோபுரம் அது. வடக்குப் பக்கம் திரும்பிப் பார்த்தார். மனைவி சிரிப்பை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன பாக்கற?” என்று எரிந்து விழுந்தார்.

“ஒண்ணுமில்ல. காயுது.”

தெரியாதார் குனிந்து, மாமனாரின் வேலையைச் சுற்றி, இருப்பதிலேயே தடியாக ஒரு கோடு போட்டார்.

இன்ஜினியர் வந்தார். திட்டு ஒவ்வொன்றையும் தட்டினார், தடவினார், தலையை ஆட்டினார். கலவை சரியாகத்தான் இருக்கிறது என்றார். வாசல் பக்கம் வந்ததும் நின்றார்.

“இதென்ன கொத்தனாரே, இவ்வளவு பெருசா? நம்ம மாதிரி இடத்துல ஏன் கோடு?”

“இது மாதிரி இல்ல மேடம். இது ராஜாவும் இல்ல, நானும் இல்ல.” கையை நீட்டினார். “இவரு. என் மாமனார். லாரி இடிச்சத கட்டியிருக்காரு. நான்தான் இத்தன வருஷமா இத ராஜா காலத்து வேலைன்னு நினைச்சு காப்பியடிச்சுட்டேன். உங்களுக்கும் தப்பா காட்டிட்டேன்.”

இன்ஜினியர் கிழவரைப் பார்த்தார். கிழவர் கொஞ்சம் பயந்துபோய், “அந்த லாரி முதலாளி இப்போ இல்லம்மா” என்றார். “செத்துட்டாரு.”

“உங்கள ஒண்ணும் பண்ண மாட்டாங்க பெரியவரே. எந்தப் பக்கத்துலேர்ந்து எந்தப் பக்கம் வரைக்கும், அத மட்டும் சரியா காட்டுங்க.”

கிழவர் கோலால் காட்டினார். சாக்கட்டிக் கோடு ஒரு இடத்தில் தப்பாக இருப்பதாகச் சொல்லி மருமகனைத் திருத்தவும் செய்தார். இதற்குள் கூட்டத்தோடு வந்த கைடு விஷயத்தைக் கேட்டு வாடிப்போனார்.

“எதிரிப் படை முட்டுன இடம் மேடம் இது. லாரின்னு எப்படிச் சொல்றது?”

“லாரின்னுதான் சொல்லணும்” என்றார் இன்ஜினியர். போட்டோக்களை ஒவ்வொன்றாக அழித்தார். அழித்து முடித்து, தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். அவருக்கும் சிரிப்பில் உதடு துடித்துக்கொண்டுதான் இருந்தது.

“இத மறைச்சிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது.”

“ஆமா மேடம்.”

“கோபுரத்துக்கு சாரம் கட்டச் சொல்லுங்க. ஒரு கண்டிஷன். புதுசா வைக்கற ஒவ்வொரு செங்கலும் பழையத விட நகக்கண் அளவு உள்ள தள்ளி இருக்கணும். ஒவ்வொண்ணுலயும் வருஷத்தக் குத்தணும். யார் பாத்தாலும் இது புதுசுன்னு தெரியணும்.”

தெரியாதார் முகம், பிடித்த சட்டையில் வேண்டுமென்றே ஓட்டை போடச் சொன்னது மாதிரி ஆயிற்று. “சரி மேடம்” என்றார்.

கோபுர வேலை நடந்தது. உச்சியிலிருந்த வெடிப்பு மூடியது. முதல் செங்கலை உள்ளே தள்ளி வைத்தபோது அவருக்குப் பல் கூசியது. நாலாவது நாள் பழகிவிட்டது. பலகையை எடுத்தார்கள், கயிற்றை அவிழ்த்தார்கள். மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்து கீழே நிறுத்தினார். இந்தத் தடவை கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. மனைவி தானாகவே விரலை நீட்டினார்.

“அது நீங்க. அதோ, அந்த வளைவுக்குக் கீழ மூணும் நீங்க. ஜன்னலுக்கு மேல இருக்கறது?”

“அதுவும்.”

“உச்சியில?”

“உச்சி முழுக்க நான்தான்.”

மனைவி கழுத்தைப் பின்னால் சாய்த்து ரொம்ப நேரம் பார்த்தார். பக்கத்தில் நின்ற வெளியூர்க்காரர் ஒருவர் தன் மனைவியிடம் அதே செங்கல்களைக் காட்டி, “இதெல்லாம் புதுசு, பாரு” என்றார். “ஆமாங்க” என்றார் தெரியாதாரின் மனைவி, கேட்காமலேயே. “எங்க வீட்டுக்காரர் வெச்சது.”

ஒன்று மட்டும் மாறவில்லை. தெரியாதார் மணிக்கட்டை நேராகத் திருப்பி, எல்லாரையும் போல வலது பக்கம் இழுத்துத் தூக்க எவ்வளவோ முயன்று பார்த்தார். கை கேட்கவில்லை. கோபுரத்தின் புதுக் காரையில் மேடெல்லாம் இடது கோடியில்தான் விழுந்திருக்கிறது. இன்ஜினியர் அதைக் கவனித்துவிட்டுக் கேட்டபோது, “அது பழக்கம் மேடம், இனிமே போகாது” என்றார். வருஷம் குத்தியிருப்பதால் பரவாயில்லை என்று அவரும் விட்டுவிட்டார்.

கைடு இப்போது வாசல் பக்கத்தில் லாரிக் கதைதான் சொல்கிறார். எதிரிப் படைக் கதையைவிட அதற்குத்தான் கூட்டம் நன்றாகச் சிரிக்கிறதாம்.

மாமனார் ஒரு நாள் கோலை ஊன்றிக்கொண்டு கோபுரத்தடிக்கு வந்தார். கண்ணுக்கு மேலே இடது கையை வைத்து மறைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியாக நிதானமாகப் பார்த்தார். தெரியாதார் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்.

“பரவால்ல மாப்ள” என்றார் கிழவர். “மேலேர்ந்து ரெண்டாவது வரியில மட்டும் கொஞ்சம் அவசரப்பட்டுட்டீங்க.”